சிறுவீடு: திருவிழாவிற்குப் பிந்தைய வெறுமை குறித்துச் சில குறிப்புகள்

1

பொங்கல் கழிந்து நாலாம் நாள் சித்தி மகள் போன் பண்ணினாள். இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பு ஆலையின் விடுதியில் தங்கி, ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிறவள். வயது 19. என்னம்மா விசேஷம் என்றேன். 'ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்' என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், 'சும்மா சும்மா அழுகையா வருதுண்ணே. சோறு எறங்க மாட்டேங்குது. எதுக்கு அழுறேன்னே தெரியல. வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க' என்றாள். அவள் அறையில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்களாம். விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மா இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்: 'பொங்கக் கொழுப்பு.' ரெண்டு நாள் முழு நைட் போட்டால் தானாகச் சரியாகிவிடும் என்பது அவருடைய வைத்தியம்.

இதை நண்பர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். தொழிற்சங்க வேலை செய்கிற நண்பர் ஒருவர், 'கூலிப் பிரச்சினை இருக்கு, பி.எஃப். பிரச்சினை இருக்கு. நீங்க பொங்கல் முடிஞ்ச சோகத்தப் பத்திப் பேசுறீங்களே தோழர்' என்று சிரித்தார். இன்னொருவர் வார இதழ்களின் மனநலப் பக்கங்களை ஒழுங்காகப் படிக்கிறவர். காலையில் நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், இந்த ஆண்டு சாதிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போடச் சொல்லுங்கள் என்றார். முதலாமவர் இந்தச் சோகத்தை அரசியலுக்கு வெளியே தள்ளுகிறார். இரண்டாமவர் அதைத் தனிமனிதரின் மண்டைக்குள் வைத்துப் பூட்டுகிறார். இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இந்தச் சோகத்துக்கு ஒரு வரலாறு இருக்க முடியும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

எனக்கும் இந்தச் சோகம் தெரியும். பொங்கல் முடிந்து சென்னைக்குப் போகிற பொதிகை எக்ஸ்பிரஸில் தம்பியை ஏற்றிவிட்டு, இராஜபாளையம் ஸ்டேஷனிலிருந்து திரும்பி நடக்கிறபோது ஒவ்வோர் ஆண்டும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்குகிறது. வீட்டுக்கு வந்தால் வாசலில் பாதி மிதிபட்ட பெரிய கோலம், மூலையில் சக்கை துப்பிய கரும்பு, அடுக்களையில் கழுவாத வெண்கலப் பானை. இக்கட்டுரை இந்த இறக்கம் பற்றியது. இதற்குக் காரணம் என்ன, நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள், அந்தக் கையாளல் எங்கே அறுந்தது, இப்போது என்ன செய்யலாம் என்கிற நான்கு கேள்விகள்தான்.

2

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பனிக்கால விடுமுறை முடிந்தபின் வருகிற சோர்வு பற்றி மேலை நாடுகளில் நிறைய எழுதுகிறார்கள். 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் பருவம் சார்ந்த மனச்சோர்வு என்கிற ஒரு நோய்நிலையை விவரித்தார்கள். பகல் வெளிச்சம் குறைவதோடு அதை அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் மாதத்தில் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். அங்கே இந்த விளக்கத்துக்கு இடமிருக்கிறது.

நம் கதை வேறு. இராஜபாளையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை டிகிரிக்குள் அடங்குகிற ஊர். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம்தான். அதிலும் தை பிறக்கும்போது பகல் வளரத் தொடங்கியிருக்கும். மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, மேற்கே மலை துல்லியமாகத் தெரிகிற காலம் அது. ஆகவே காரணத்தை வானத்தில் தேடிப் பயனில்லை. நாட்காட்டியில்தான் தேட வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முழு நைட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற ஒரு பெண்ணுக்கு இராஜபாளையத்திலும் லண்டன் டிசம்பர்தான். அந்த இருட்டும் மனிதர் செய்த நாட்காட்டியிலிருந்து வருவதே.

3

குறுந்தொகையின் 41ஆம் பாட்டில் ஒரு பெண் தோழியிடம் தன் நிலையைச் சொல்கிறாள். அவன் பக்கத்தில் இருக்கிற நாளில் நான் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி இருக்கிறேன். அவன் போன அன்றைக்கோ, பாலை வழியோரத்துச் சிற்றூரில் சனங்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு மாதிரி பொலிவிழந்து போகிறேன் என்கிறாள். இந்த உவமையாலேயே அப்புலவருக்கு அணிலாடு முன்றிலார் என்று பெயர் வந்தது. எம்.ஏ. வகுப்பில் இப்பாட்டை உவமை நயத்துக்காக நடத்தினார்கள். நயம் இருக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. பிரிவைச் சொல்ல வந்தவளுக்குக் கைக்குக் கிடைத்த அளவுகோல் திருவிழா. விழாக்கொண்ட ஊர், ஆள் போன வீடு என்கிற இரண்டு நிலைகளையும் கேட்பவர் உடம்பால் அறிந்திருந்தால்தான் இந்த உவமை வேலை செய்யும். அதாவது, விழா முடிந்த வெறுமை அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த பொது அனுபவம். எங்கள் மேற்கு மலையைச் சாம்பல் நிற அணிலுக்கென்று 1988இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2021இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. அணிலுக்கு இடம் இருக்கிறது. அது விளையாடுகிற வெறும் முற்றத்தைப் பற்றிப் பேசத்தான் நமக்கு இடமில்லை.

தொல்காப்பியத்தின் அகத்திணையியல் இதைக் காலக்கணக்காகவே வைத்திருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனியைப் புணர்தலுக்குரிய குறிஞ்சிக்கும், பின்பனியை வேனிலோடு சேர்த்துப் பிரிதலுக்குரிய பாலைக்கும் தொல்காப்பியர் உரியதாக்குகிறார். கூடியிருந்த பனிக்காலம் முடிகிற இடத்தில் பிரிவு தொடங்குகிறது. பொருள் தேடப் போகிறவன் பின்பனியில் கிளம்புகிறான். தை கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்புகிற நம் பிள்ளைகளின் பயணம் இலக்கணத்துக்குள் வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது.

சிலப்பதிகாரத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். புகாரில் இந்திர விழா நடந்து முடிகிறது. விழா முடிவில்தான் கோவலனும் மாதவியும் கடலாடப் போகிறார்கள். அங்கேதான் கானல்வரி, அங்கேதான் பிரிவு. கதையை ஊழ்வினை நடத்துகிறது என்று உரை சொல்லும். விழா முடிந்த மனசு எதையும் தாங்கும் வலுவற்றது என்பதை இளங்கோ அறிந்திருந்தார் என்று நான் படிக்கிறேன்.

4

விழா முடிந்தால் ஏன் இறங்குகிறது? பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் எழுதிய சமய வாழ்வு பற்றிய நூலில் திருவிழாவை விளக்க ஒரு சொல்லைக் கையாள்கிறார். அதைத் தமிழில் 'பொங்குதல்' என்றே சொல்லிவிடலாம்; கொதித்து நுரைத்து மேலே வருதல் என்பதுதான் அச்சொல்லின் பொருள். சிதறி வேலை செய்கிற சனங்கள் ஓரிடத்தில் கூடும்போது ஒவ்வொருவருக்கும் தன்னைவிடப் பெரிய ஒரு பலம் உள்ளே வந்ததாகத் தோன்றுகிறது. அது கூட்டத்தின் பலம். கலைந்தபின் அது மெல்ல வற்றுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கூட வேண்டியிருக்கிறது. இதன்படி பார்த்தால், விழாவுக்குப் பின் வருகிற வெறுமையை அந்தப் பெண்ணின் மனக்கோளாறு என்று சொல்ல முடியாது. அவளுக்குள் இருந்த ஊர் அவளைவிட்டு வெளியேறுகிறது. வலிக்கத்தான் செய்யும்.

அப்படியானால் பொங்கியதை இறக்கிவைக்கவும் ஒரு முறை வேண்டும். நம் கோயில்களுக்கு அது தெரிந்திருக்கிறது. கொடியேற்றத்தோடு ஏறுகிற விழா தேரோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. தீர்த்தவாரி, கொடியிறக்கம் என்று படிப்படியாக இறங்குகிறது. அதற்கும் பிறகு விடாயாற்றி என்று ஒன்று நடக்கிறது. விடாய் என்றால் களைப்பு, தாகம். பத்து நாள் வீதி சுற்றிய களைப்பு தீரச் சாமிக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அம்மன் கோயில்களில் மஞ்சள் நீராட்டு. இருட்டில் வளர்த்த முளைப்பாரியைத் தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் கரைக்கிற சடங்கும் அவ்வாறானதே. வளர்த்தவர்களே, எல்லோரும் பார்க்க, பாட்டுப் பாடி அழிக்கிறார்கள். முடிவு யாருக்கும் தெரியாமல் வந்து விழுவதில்லை. முடிவையே ஒரு நிகழ்ச்சியாக ஆக்கியிருக்கிறார்கள்.

பொங்கலுக்கும் இந்தப் படிகள் உண்டு. எங்கள் பக்கம் பொங்கலை அடுத்து வருகிற நாளைக் கரிநாள் என்பார்கள். அன்றைக்குப் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது, பயணம் கிளம்பக் கூடாது. பகுத்தறிவு கற்ற வயதில் இதை மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது தோன்றுகிறது: உழைக்கிற சனங்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட கட்டாய ஓய்வு அது. 'இன்னிக்கு வேலைக்குப் போக மாட்டேன்' என்று பண்ணையாரிடம் சொல்ல முடியாதவர், 'இன்னிக்குக் கரிநாள் சாமி' என்று சொல்ல முடிந்திருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அய்யனார் கோயில் ஆற்றுக்கும் செண்பகத்தோப்புக்கும் போனது அந்த ஓய்வில்தான்.

5

அம்மாவின் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அங்கிருந்து தாமிரபரணிக் கரைவரை சிறுவீட்டுப் பொங்கல் என்கிற வழக்கம் உண்டு. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள் அல்லவா, அந்தப் பூவையும் சாணியையும் அன்றன்றைக்கே வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். பெரிய பொங்கல் முடிந்த பிறகு, தை மாதத்துக்குள் ஒரு நாளில், பெண்பிள்ளைகள் முற்றத்தில் களிமண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டிக் கோலம் போட்டு, அதன் முன்னால் பொங்கல் வைப்பார்கள். பிறகு சேர்த்துவைத்த பூ வறட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவார்கள். பெரியவர்களின் விழா முடிந்த இடத்தில் சிறுமிகளின் விழா தொடங்குகிறது. மார்கழியின் ஒவ்வொரு விடியலும் ஒரு வறட்டியாகக் கையில் இருக்கிறது. அதைத் தாங்களே தண்ணீரில் விடுகிறார்கள். இறங்குவதற்கு இதைவிட நல்ல படி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைக் கொண்டுவர வேண்டும். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பனுவலாகப் பார்ப்போம். திருப்பாவை முப்பது பாட்டு, மார்கழிக்கு உரியது. அதில் பேசுவது பெரும்பாலும் 'நாங்கள்'. பத்து வீட்டு வாசலில் நின்று தூங்குகிறவர்களை எழுப்பிச் சேர்த்துக்கொண்டே போகிற கூட்டத்தின் குரல். நாச்சியார் திருமொழி 143 பாட்டு. அது தை மாதத்தில் தொடங்குகிறது. மார்கழி நோன்பு முடிந்த மறுநாள் என்ன ஆனது என்பதற்கு ஆண்டாளின் பதிலாக அதைப் படிக்கலாம். முதல் பத்தில், தை முழுவதும் தரை விளக்கிக் கோலமிட்டு மாசி பிறக்கும்போது காமனை வேண்டுகிறவள் பெரிதும் 'நான்' என்றே பேசுகிறாள். இரண்டாம் பத்தில் திடீரென்று மறுபடி 'நாங்கள்' வருகிறது. அந்தப் பத்து எதைப் பற்றியது? சிறுமிகள் மணலில் கட்டிய சிற்றிலைக் கண்ணன் சிதைக்க வருவதைப் பற்றியது. தை, சின்ன வீடு, சிறுமிகள் கூட்டம். சிற்றிலும் சிறுவீடும் ஒரே வழக்கின் தொடர்ச்சி என்று வரலாறாக நிறுவ நான் முயலவில்லை. பாட்டுகளின் இவ்வரிசை தொகுத்தவர்கள் செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் விழாவுக்குப் பிந்தைய தனிமையில் 'நாங்கள்' திரும்பி வருகிற இடம் ஒரு சின்ன வீடு என்பது இரண்டிலும் பொது.

அதன்பின் அந்த 'நாங்கள்' மெலிகிறது. ஆறாம் பத்தில் கல்யாணக் கனவு. அதை அடுத்துச் சங்கிடம் பேச்சு, மேகத்திடம் தூது. கேட்க ஆளில்லாதவள் பொருள்களோடு பேசுகிறாள். நம் சமூகம் இதில் என்ன செய்தது? திருப்பாவையை ஊரெங்கும் ஒலிபெருக்கியில் வைத்தது. நாச்சியார் திருமொழியிலிருந்து அந்தக் கனவை, வாரணமாயிரத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கல்யாண மேடைக்குக் கொண்டுபோனது. கனவுக்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனை வேதனையும் பொது நினைவில் இல்லை. விழாவை வைத்துக்கொண்டு விழாவின் மறுநாளை மறைக்கிற வேலை இங்கே இலக்கிய வாசிப்பிலேயே நடந்திருக்கிறது.

6

படிகள் எங்கே அறுந்தன? 1930களின் பிற்பாதியிலிருந்து இராஜபாளையத்தில் நூற்பு ஆலைகள் வந்தன. இன்று சுற்றுவட்டாரம் முழுக்க ஆலைகள். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெய்கிற தறிச் சத்தம். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ஸன் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில், தொழிற்சாலைக்கு முந்தைய இங்கிலாந்தின் கைவினைஞர்கள் ஞாயிறு களைப்புத் தீரத் திங்களையும் விடுமுறையாக எடுத்துக்கொண்டதையும், அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று கிண்டலாகப் பெயர் வைத்திருந்ததையும் விவரிக்கிறார். ஆலைக் கடிகாரமும் அபராதமும் பிரசங்கமும் சேர்ந்து அந்தத் திங்களைப் பையப் பைய ஒழித்தன. புனிதத் திங்களும் நம் கரிநாளும் ஒரே குலம்.

ஆலை விழாவை ஒழிக்கவில்லை. அதற்கு விழா வேண்டியிருக்கிறது. சித்தி மகளுடைய ஆலையில் பொங்கலன்று வாசலில் பெரிய கோலம், எல்லோருக்கும் புதுத் துணி, இனிப்பு. விழாவின் உச்சியை விட்டுவைத்து இறங்குகிற படிகளை மட்டும் அது எடுத்துவிட்டது. விடுமுறை மூன்று நாள். குறித்த ஷிப்டுக்கு வராவிட்டால் அந்த மாத வருகைப்படி போய்விடும். அதனால் காணும் பொங்கலன்று சாயங்காலமே பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, இரவு விடுதியில் படுத்து, விடிகாலை ஷிப்டில் நிற்கிறாள். ஒரு நாள் முன்னால் அம்மா மடியில் தலை வைத்திருந்தவள், மறுநாள் பஞ்சுத் தூசிக்கு நடுவில் அறுந்த இழையைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறாள். நடுவில் ஒன்றுமில்லை. இது இறக்கமாக இல்லை, விழுதலாக இருக்கிறது.

ஃப்ராய்ட் 1917இல் துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்துக் காட்டினார். துக்கத்தில் இருப்பவருக்குத் தான் இழந்தது எது என்று தெரியும். மனச்சோர்வில் இருப்பவருக்கோ எதையோ இழந்தது தெரிந்தாலும், அதில் தனக்குப் போனது எது என்பது பிடிபடுவதில்லை. கோபம் தன்மேலேயே திரும்பிவிடுகிறது. 'எதுக்கு அழுறேன்னே தெரியல' என்று அவள் சொன்னதன் பொருள் இதுதான். இழப்பைப் பெயர் சொல்லிக் காட்டுகிற சடங்கு இல்லாதபோது, அல்லது அதற்குப் 'பொங்கக் கொழுப்பு' என்று பெயர் சூட்டப்படும்போது, துக்கமாகக் கழிந்திருக்க வேண்டியது சோர்வாக உறைகிறது.

இதன் மேல் கடனும் உட்காருகிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் தை பிறந்தால் தவணையும் பிறக்கிறது. துணிமணி, சீர்வரிசை, தை முகூர்த்தங்களுக்கு மொய் எல்லாம் சேர்ந்து பொங்கல் முடிந்த வாரத்தில்தான் குழுக் கடனுக்காரர் வாசலுக்கு வருவார். அந்த வாரத்து வெறுமையில் எவ்வளவு மனசு, எவ்வளவு கணக்கு என்று பிரிப்பது கஷ்டம். நோட்டில் எழுதிப் பார்த்தால் பாதி இருட்டு எண்ணாக மாறிவிடும் என்பது என் அனுபவம்.

7

இவ்வளவு சொன்னபின், பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழாவின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் எல்லோருக்கும் ஒரே பங்கு இருந்ததில்லை. தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது, விழா முடிந்த குப்பையை யார் அள்ளுவது என்பதெல்லாம் சாதியால் தீர்மானிக்கப்பட்டவை. தென்மாவட்டங்களில் 1990களின் சாதிக் கலவரங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு திருவிழா கலகமில்லாமல் முடிந்தால் வருகிற உணர்வு வெறுமையாக இருக்காது, நிம்மதியாக இருக்கும் என்பது தெரியும். விழா முடிந்துபோனதே என்கிற ஏக்கம்கூட எல்லோருக்கும் வாய்க்கிற ஏக்கம் அன்று.

பெண்கள் விஷயமும் அப்படியே. என் அம்மாவும் ஆலையில் வேலை பார்த்தவர்தான். பொங்கல் முடிந்த மறுநாள் அவர் முகத்தில் இருந்ததை நான் வெகுகாலம் சோகம் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை கேட்டேன். 'சோகமெல்லாம் இல்லப்பா, இடுப்பு விட்டுப்போச்சு' என்றார். மூன்று நாளும் அடுப்படியில் நின்றவருக்கு விழா என்பது இன்னொரு ஷிப்ட். சாமிக்கு விடாயாற்றி உண்டு, தேர் இழுத்தவனுக்குச் சாராயம் உண்டு, சமைத்தவளுக்கு என்ன உண்டு? நம் மரபு இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. ஆகவே மரபை அப்படியே திரும்பக் கொண்டுவருவது நோக்கமாக இருக்க முடியாது. இறங்குவதற்குப் படி வேண்டும் என்கிற அறிவை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, படியை நாம் புதிதாகக் கட்ட வேண்டும், எல்லோரும் இறங்கக்கூடியதாக.

8

கட்டுவது எப்படி என்று சித்தி மகளோடும் தொழிற்சங்க நண்பரோடும் பேசியதில் தேறியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, விழாவையும் வேலையையும் ஒட்டவைக்காமல் இருப்பது. ஒரே ஒரு பகலாவது நடுவில் வேண்டும். அந்தப் பகலில் பெரிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். சபதங்கள் வேண்டவே வேண்டாம். தூக்கம் விட்ட இடத்தைத் தூக்கத்தால் அடைப்பது முதல் வேலை. ஆண்கள் பலர் அந்தப் பகலை மதுக்கடையில் கழிக்கிறார்கள். குடி இறக்கத்தை ஒத்திப்போடும். மறுநாள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.

இரண்டு, விழாவின் ஒரு சின்னத் துண்டைப் பிற்பாடுக்கென்று மிச்சம் வைப்பது. சிறுவீட்டின் சூட்சுமம் இதுதான். தை கடைசிக்குள் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்குச் செய்ய ஒன்றை வைத்துக்கொண்டால், முடிவு ஒரே நாளில் தலையில் விழாது.

மூன்று, பானையைச் சேர்ந்து கழுவுவது. விழாவுக்குப் பிந்தைய வேலையை ஒரு ஆள் தலையில் கட்டினால் அந்த ஆளுக்கு இறக்கம் கிடையாது. இது வீட்டு ஆண்களுக்கான வரி.

நான்கு, நோயைத் தனியே அடையாளம் காண்பது. விழாவுக்குப் பிந்தைய வெறுமை சில நாட்களில், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு வாரத்தில் தேய வேண்டும். அதற்கு மேலும் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஒட்டாமல், செத்துப்போகலாம் என்கிற நினைப்பு வந்தால் அதைச் சடங்காலும் கட்டுரையாலும் தீர்க்க முடியாது; மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவு நினைப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு இல்லை. இந்த எண்களை விடுதிச் சுவரில் எழுதிவைப்பதும் சங்க வேலைதான்.

ஐந்தாவது சட்டம் சார்ந்தது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், நான்கு தேசிய விடுமுறைகள் போக ஐந்து பண்டிகை விடுமுறைகளைச் சம்பளத்தோடு தருகிறது. அந்த ஐந்து எவை என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். எத்தனை ஆலைகளில் உண்மையாகவே கலந்து பேசுகிறார்கள்? ஐந்தில் ஒன்றைப் பண்டிகைக்கு அடுத்த நாளுக்கு, நம் கரிநாளுக்கு, கேட்டு வாங்கினால் என்ன? சிரித்த நண்பர் இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தி, 'கேக்கலாம் தோழர். ஆனா யாரோட பண்டிகைக்கு?' என்றார்.

நியாயமான கேள்வி. இன்றைக்கு விடுதிகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்துப் புருலியாப் பக்கமும் டுசு என்று ஒரு விழா. பௌஷ மாதம் முழுக்கக் கன்னிப்பெண்கள் கூடிப் பாடி, நம் பொங்கலை ஒட்டி வருகிற மகர சங்கராந்தியன்று டுசுவை ஆற்றில் விடுகிறார்கள். பெண்கள் கூட்டம், பனிமாதம், பாட்டு, கடைசியில் ஆறு. நம் பாவை நோன்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவளோடு சித்தி மகள் ஓராண்டாக ஒரே அறையில் படுக்கிறாள்; இது இருவருக்குமே தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய்வர வழியில்லை. மற்றவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தபோது அவள் காலி விடுதியில் மூன்று நாள் இருந்துவிட்டு அழாமல் இருந்தாள். எந்தப் படியிலும் ஏறாதவளுக்கு இறக்கம் கிடையாது.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறைக்காரர்கள் சேர்ந்து, விடுதியின் பின்பக்கம் குழாயடியில் ஈர மண்ணைக் குழைத்து முழ உயரத்தில் ஒரு வீடு கட்டினார்கள். நெருப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை, பொரியும் வெல்லமும்தான். பூ வறட்டி ஏது? ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பொங்கலில் தனக்குப் பிடித்ததை எழுதி ஒரு வாளித் தண்ணீரில் விட்டார்களாம். ஜார்க்கண்டுப் பெண் மட்டும் எழுதாமல் பாடினாளாம். அழுகை நின்றதா என்று போனில் கேட்டேன். 'வருதுண்ணே. ஆனா எதுக்குன்னு இப்பத் தெரியுது' என்றாள்.

அது போதும் என்று நான் சொல்லவில்லை. வாளித் தண்ணீர் சட்டத்துக்கு ஈடாகாது. கரிநாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை, அதை ஊர் போக முடியாதவர்களின் பண்டிகைக்கும் மாற்றி எடுத்துக்கொள்ளும் உரிமை, ஒரு ஷிப்ட் தாமதமாக வந்தவளின் வருகைப்படியில் கைவைக்காமை என்கிற மூன்றையும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார், கூலிக்கும் பி.எஃப்.புக்கும் கீழே. வரிசை பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.